குண்டுக்குப் பெயர் எழுதியவள்

காலை ஐந்து நாற்பதுக்குத் தொலைபேசி அடித்தது. அதற்கு ஒரு நிமிடம் முன்புவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அடுப்பில் பால் ஏறிக்கொண்டிருந்தது. வாசலில் தெளித்த தண்ணீர் இன்னும் காயவில்லை.

அன்று எனக்கு வார விடுமுறை. விழுப்புரத்தில் ஒரு நாளிதழில் வேலை பார்த்தேன். அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்து, வாரத்துக்கு ஒரு நாள் கள்ளக்குறிச்சி வீட்டுக்கு வருவேன். கணவர் கல்வராயன் மலையில் ஆசிரியர். வெள்ளிமலையைத் தாண்டிப் போக வேண்டும், அவர் பள்ளிக்கூடத்தில் தொலைபேசி கிடையாது. மகள் அருள்செல்வி டெல்லியில் மருத்துவம் இறுதியாண்டு. விடுமுறைக்கு வந்திருந்தவள் முந்தின நாள்தான் பேருந்து ஏறினாள். காலை ஆறரைக்கு அவளுக்கு விமானம். இட ஒதுக்கீட்டை எதிர்த்து அங்கே நடந்த வேலைநிறுத்தத்தில் தள்ளிப்போன தேர்வுகளைத் திடீரென்று அறிவித்திருந்தார்கள். ரயிலில் இடமில்லை. மறுநாள் காலை செய்முறைத் தேர்வு. அதை விட்டால் இன்னும் ஒரு வருடம். எங்கள் குடும்பத்தில் விமானம் ஏறப்போகிற முதல் ஆள் அவள். "உள்ள வந்துட்டேம்மா" என்று சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று ஓடிப்போய் எடுத்தேன்.

ஆண் குரல்.

"அருள்செல்வியோட அம்மாங்களா?"

"ஆமாங்க."

"ஏர்போர்ட்லேர்ந்து பேசறேன், இன்ஸ்பெக்டர். பதறாதீங்க, பொண்ணு நல்லாத்தான் இருக்குது. ஒரே ஒரு கேள்வி. யோசிக்காம பதில் சொல்லணும். உங்க பொண்ணு பையில ஒரு படம் இருக்குது. அதுல ஒருத்தன் கக்கத்துல குண்டு வச்சிகினு போறான். அந்தக் குண்டு மேல இன்னா எழுதியிருந்துச்சு?"

யோசிக்காமல் சொன்னேன். "பெட்ரோல் விலை."

பால் பொங்கி அடுப்பை அணைத்தது எனக்குக் கேட்டது.

போன மாதம் பத்திரிகையிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். இப்போது கார்ட்டூனுக்குள் எழுத்தெல்லாம் கணினியே போட்டுவிடுகிறதாம். பழைய நாட்களைப் பற்றி ஒரு சிறப்பிதழ் கொண்டு வருகிறார்களாம். "ஜாலியா நாலு சம்பவம் எழுதிக் குடுங்கக்கா, உங்க கையால எழுதின லேபிளுங்க ரெண்டு மூணு போட்டோ போடறோம்" என்றான். சரி என்றேன். உட்கார்ந்து எழுதத் தொடங்கினால் எந்தச் சம்பவத்தை எடுத்தாலும் அது ஐந்து நாற்பதில் வந்து நிற்கிறது. அதனால் இதையே எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் விருப்பம்.

என் வேலை எழுத்து. கட்டுரை எழுதுவது இல்லை, எழுத்தை வரைவது. என் அப்பா தியாகதுருகத்தில், கல்லறைச் சிலுவைகளுக்குப் பெயர் எழுதுபவர். பெயர், பிறப்பு, இறப்பு. அவரோடு உட்கார்ந்து பழகினேன். பிறகு அரசு ஓவியத் தேர்வில் லோயர், ஹையர் இரண்டும் முடித்தேன். கல்யாணமாகி, அருள்செல்விக்கு மூன்று வயதாக இருந்தபோது நாளிதழில் சேர்ந்தேன்.

நான் சேர்ந்த வாரம் எங்கள் பக்கம் இட ஒதுக்கீடு கேட்டுப் பெரிய போராட்டம். சாலையெல்லாம் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பேருந்து ஓடவில்லை. உளுந்தூர்பேட்டையிலிருந்து ஒரு பால் வண்டியில் தொற்றிக்கொண்டு, மரம் கிடந்த இடங்களில் இறங்கி நடந்து, விழுப்புரம் போய்ச் சேர்ந்தேன். செய்தி ஆசிரியர் துரைக்கண்ணு என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு கார்ட்டூனை என் பக்கம் தள்ளினார். ஒரு மந்திரி நாற்காலிக்கு அடியில் உருண்டையாக ஒரு குண்டு, திரியில் பொறி.

"குண்டுல ‘இட ஒதுக்கீடு’ன்னு எழுதும்மா."

அளந்து பார்த்தேன். "இடம் பத்தாது சார். எழுத்தைச் சின்னதாக்கணும்."

"எழுத்தைச் சின்னதாக்கக் கூடாது. ஏகாம்பரம், குண்டைப் பெருசாக்கு."

மூலையில் உட்கார்ந்திருந்த ஓவியர் ஏகாம்பரம் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "பிரச்சினை பெருசாயிடுச்சா சார்?"

"எழுத்து ஜாஸ்தியாயிடுச்சு."

அன்றிலிருந்து பத்தொன்பது வருடம் நாங்கள் மூன்று பேரும் அப்படித்தான் வேலை செய்தோம். படம் ஏகாம்பரம் சார். சொல் துரைக்கண்ணு சார். அந்தச் சொல்லை எழுத்தாக்குவது நான்.

துரைக்கண்ணு சார் மாலையில் வருவார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் குப்புற வைப்பார். படத்தைக் கையில் எடுத்ததும் முதலில் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார். பேருந்தில் எதிர் சீட்டுக்காரன் விரித்துப் படிக்கிறபோது நமக்கு எப்படித் தெரியுமோ அப்படி. "காசு குடுத்து வாங்கினவன் எப்படியும் படிப்பான். ஓசியில பாக்கறான் பாரு, அவனுக்குப் புரியணும்" என்பார். பிறகு குண்டின் மேல் ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார். அந்த நேரத்தில் யாரும் இருமக்கூடாது. சொல் வந்ததும் விரலை எடுப்பார். "ஊழல்" என்பார். அல்லது "வறட்சி". அல்லது "காவிரி".

ஏகாம்பரம் சார் குண்டைக் கறுப்பு மையால் நிரப்பும்போது நடுவில் முட்டை வடிவில் வெள்ளையாக ஓர் இடம் விட்டுவிடுவார். அதை ஜன்னல் என்போம். நான் அந்த ஜன்னலின் அளவுக்கு வெள்ளைத்தாளை வெட்டி, குண்டின் வளைவுக்கு ஏற்ப எழுத்தையும் வளைத்து எழுதுவேன். வளைக்காமல் எழுதினால் குண்டு தட்டையாகிவிடும். எழுதிய தாளை ரப்பர் சொல்யூஷன் தடவி ஒட்டுவேன். சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுவார்களே, அந்த மாதிரிப் பசைதான். அதில் ஒரு வசதி, படம் வரைந்த மெல்லிய அட்டை கிழியாமல் உரித்து எடுத்துவிடலாம். படம் அச்சுக்குப் போனதும் தாளை உரித்து, மிச்சப் பசையைக் கட்டைவிரலால் தேய்த்து உருட்டி எடுத்துவிட்டு, அட்டையை அலமாரியில் வைப்போம். ஏகாம்பரம் சாருக்கு உடம்பு சரியில்லாத நாளில், அல்லது செய்தி தாமதமாக வந்த நாளில், பழைய படத்தை எடுத்து ஜன்னலில் புதுப் பெயர் ஒட்டுவோம். வாசகர்கள் கண்டுபிடித்ததே இல்லை. "பிரச்சினை மாறலையே, படம் மட்டும் ஏன் மாறணும்?" என்பார் துரைக்கண்ணு சார்.

ஏகாம்பரம் சார் படத்தைக் கொடுத்ததோடு சரி. அதில் என்ன எழுதினோம் என்று மறுநாள் பேப்பரில்கூடப் பார்க்க மாட்டார். அது அவருக்கு ஒரு கௌரவம். ஒருமுறை ஒரு கட்சிக்காரர் நாலைந்து ஆட்களோடு அலுவலகத்துக்குள் வந்து கத்தினார். "எங்க தலைவர் கையில இருக்கற குண்டுல எவன்டா அப்பிடி எழுதினவன்?" ஏகாம்பரம் சார் எழுந்து நின்று, பணிவாக, "கோடு என்னுதுங்க. எழுத்து பிலோமியுது" என்று என்னைக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். மடியில் அட்டை, விரலில் மை, பக்கத்தில் சாப்பாட்டுக் கூடை. "வூட்டுக்காரர் இன்னா பண்றாரும்மா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன். அதன் பிறகு எந்தப் புகார் வந்தாலும் அதே வாக்கியம்தான், அதே சிரிப்புதான். ஒவ்வொரு தடவையும் அது பலித்தது.

இனி அந்தத் தொலைபேசி வந்த வருடம்.

வெளிநாட்டில் நீர்ப்பொருளில் வெடி கலந்து விமானத்தைத் தகர்க்கத் திட்டம் என்று செய்தி வந்தது. இங்கேயும் கைப்பையில் தண்ணீர் கூடாது, எண்ணெய் கூடாது, தைலம் கூடாது என்றார்கள். இன்னொரு பக்கம், யார் யாரையெல்லாம் சோதிக்க வேண்டாம் என்று விமான நிலையத்தில் தொங்குகிற பலகையைப் பற்றிப் பேச்சு. பதவி பதவியாக நீளமான பட்டியல். ஆசிரியருக்குக் கடிதங்கள் குவிந்தன. நாட்டுக்காகக் கொஞ்சம் சிரமப்பட்டால் என்ன என்று பாதி. பாட்டியின் தைலத்தைப் பிடுங்குகிறவன் மந்திரியின் பையைத் திறப்பானா என்று பாதி. அலுவலகத்திலும் அதே சண்டைதான்.

"ஊறுகாயில எவனாவது குண்டு வைப்பானா சார்?" என்றார் ஏகாம்பரம் சார்.

"வைக்கறவன் எதுலயும் வைப்பான்" என்றேன் நான். "எம் பொண்ணு என்னிக்காவது அதுல ஏறுவா. எல்லார் பையையும் கொட்டிப் பாக்கட்டும். ஒருத்தரையும் விடக்கூடாது."

துரைக்கண்ணு சார் என்னைப் பார்த்தார். "நீ அம்மாவாப் பேசற. பத்திரிகைக்காரியாப் பேசு."

அந்த வாதத்திலிருந்துதான் படம் பிறந்தது. விமான நிலையச் சோதனை வாசல். ஒரு கிழவியின் ஊறுகாய் ஜாடிக்குள் கையை விட்டுத் துழாவுகிறார் ஒரு காவலர். அவர் முதுகுக்குப் பின்னால், தனி வழியில், மாலை போட்ட பெரிய மனிதர் கக்கத்தில் குண்டோடு நடந்து போகிறார். எங்களில் யாரும் விமானம் ஏறியதில்லை. ஏகாம்பரம் சார் முதலில் போட்ட வாசல் சினிமாக் கொட்டகை மாதிரி இருந்தது. துரைக்கண்ணு சார் ஒப்பவில்லை. எங்கிருந்தோ ஒரு புகைப்படம் வரவழைத்தார். பை போகிற இயந்திரம், ஆள் நுழைகிற சட்டம், பெண்களைச் சோதிக்கிற திரைபோட்ட கூண்டு, காவலர் உட்காருகிற முக்காலி, எல்லாம் உள்ளது உள்ளபடி வரைய வைத்தார். "நாளைக்கு நம்ம வாசகன் ஒருத்தன் அங்க போனா, அட, பேப்பர்ல பாத்த மாதிரியே இருக்குதேன்னு சொல்லணும்."

முதல் தடவை அந்தக் குண்டின் பெயர் ஊழல். அடுத்து, பெட்ரோல் விலை. இரண்டையும் நான்தான் எழுதினேன், நான்தான் உரித்தேன்.

அருள்செல்வி விடுமுறைக்கு வந்தபோது இளைத்திருந்தாள். அவள் பொதுப் போட்டியில் இடம் வாங்கியவள். ஆனால் நிறத்தையும் ஊரையும் பார்த்து, அவளும் ஒதுக்கீட்டில் வந்தவள்தான் என்று விடுதியில் முடிவு கட்டிவிட்டார்கள். அவளும் இல்லை என்று சொல்லவில்லை. "இல்லைன்னு சொன்னா, அப்படி வந்தவங்க மட்டம்னு நானும் ஒத்துக்கற மாதிரி ஆயிடும்மா" என்றாள். அங்கே மாணவர்கள் தெருவைக் கூட்டியும் செருப்புத் துடைத்தும் எதிர்ப்பைக் காட்டியிருந்தார்கள். ஒரு நாள் காலை அவள் அறை வாசலில் ஒரு துடைப்பம் சாத்தி வைத்திருந்தார்களாம். "அந்த வேலைய தினமும் செய்யறவங்க இருக்காங்கன்னே அவங்களுக்குத் தோணலம்மா. வேஷம் போடற சாமான் மாதிரி வச்சிகினு நின்னாங்க."

அவளும் அவள் தோழிகளும் பதிலுக்கு ஒரு படக் கண்காட்சி வைக்கப்போகிறார்களாம். எங்கள் அலமாரியில் இருக்கும் படங்களைக் கேட்டாள். ஏகாம்பரம் சாரிடம் சொன்னேன். "எடுத்துகினு போகட்டும். பூச்சி தின்றதுக்கு டெல்லிப் பசங்க பாக்கட்டுமே" என்று அவரே தேர்ந்தெடுத்து, சுருட்டி, நூல் கட்டிக் கொடுத்தார். ஜன்னல்களில் பெயர் எழுதி ஒட்டட்டுமா என்று மகளைக் கேட்டேன். "வேணாம்மா. தமிழ்ல எழுதினா அங்க யாருக்குத் தெரியும்? நாங்க போயி இந்தியில எழுதி ஒட்டிக்கறோம்."

கிளம்புகிற அன்று அவள் அப்பா மலையிலிருந்து அனுப்பியிருந்த தேன் பாட்டிலை அவளே கைப்பையில் வைத்துக்கொண்டாள். பெரிய பையில் போட்டால் உடைந்துவிடும் என்று. தேனும் நீர்ப்பொருள்தான் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. அட்டைச் சுருளையும் அதிலேயே செருகினாள். அது கசங்கிவிடும் என்று.

தேனைப் பார்த்துத்தான் பையைத் திறந்திருக்கிறார்கள். நீர்ப்பொருள். பாட்டிலை எடுத்து வைத்துவிட்டு அனுப்பியிருப்பார்கள். ஆனால் கையில் சுருள் தடுக்கியது. பிரித்தார்கள். அதே வாசல், அதே இயந்திரம், அதே முக்காலி. காவலரின் முதுகுக்குப் பின்னால் ஒரு ஆள், ஒரு குண்டு. எழுத்து எதுவும் இல்லை.

அருள்செல்வி சிரித்துவிட்டாள். கார்ட்டூனுக்குச் சிரிக்காமல் வேறென்ன செய்வாள், அந்த அட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவள். சிரித்தது முதல் தவறு என்று பிறகு இன்ஸ்பெக்டர் சொன்னார். இரண்டாவது, குண்டில் ஏன் எதுவும் எழுதவில்லை என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதில்.

"இன்னும் எழுதல சார். டெல்லிக்குப் போயித்தான் எழுதணும்."

அதன் பிறகுதான் எனக்குத் தொலைபேசி. நான் சொன்னேன், பெட்ரோல் விலை.

"நல்லா யோசிச்சு சொல்லுங்கம்மா" என்றார் அவர். "உங்க பொண்ணு இன்னும் எழுதவே இல்லைன்னு சொல்லுது."

"அதுவும் சரிதான் சார். எழுதி உரிச்சிட்டோம்."

"ஏன் உரிச்சீங்க?"

"எப்பவும் உரிச்சிடுவோம் சார்."

அதற்கு மேல் நான் என்ன சொன்னாலும் அது மோசமாகவே கேட்டது. எனக்கே கேட்டது.

வீட்டில் பழைய பேப்பர் எல்லாம் அந்த வாரம்தான் எடைக்குப் போயிருந்தது. சமையலறை அலமாரியில் விரித்திருந்த தாள்களை உருவிப் பார்த்தேன். ஒன்றில் அந்தப் படம் இருந்தது. தேன் பாட்டில் வைத்திருந்த வட்டம் அதன் மேல். மடித்து எடுத்துக்கொண்டேன். வெள்ளிமலை போகும் முதல் பேருந்தின் கண்டக்டரிடம், "எங்க வூட்டுக்காரர்கிட்ட பாப்பாவை ஏர்போர்ட்ல நிறுத்தி வச்சிருக்காங்கன்னு சொல்லுங்க, நான் போயிருக்கேன்னு சொல்லுங்க" என்றேன். "எந்த ஏர்போர்ட்டும்மா?" என்றார். கை காட்டிவிட்டு எதிர்த்திசைப் பேருந்தில் ஏறினேன்.

உளுந்தூர்பேட்டையில் இறங்கி, ஒரு தொலைபேசிக் கடையில், லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே ஒரு காதைப் பொத்திக்கொண்டு, துரைக்கண்ணு சார் வீட்டுக்குப் பேசினேன். முழுவதும் கேட்டார். அவர் விரல் எதன் மேலோ இருப்பது போல் ஒரு மௌனம்.

"ஒரிஜினல் படம் எப்படிம்மா வெளிய போச்சு?"

"ஏகாம்பரம் சார்தான் குடுத்தாரு சார்."

"முதலாளிக்கு நான் இன்னா பதில் சொல்றது? கண்காட்சின்ற, இட ஒதுக்கீடுன்ற, டெல்லின்ற. நம்ம பேப்பர் பேரு அதுல வரலாமா?"

"சார், பாப்பாவுக்கு நாளைக்குப் பரீட்சை."

"பதறாத. ஆளு அனுப்பறேன்" என்றார்.

மதியம் போய்ச் சேர்ந்தேன். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அருள்செல்வி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, பக்கத்தில் இருந்த பெண் காவலரைப் பார்த்து, மறுபடி உட்கார்ந்துவிட்டாள். என் மகள் எழுந்திருக்க ஒருவரிடம் அனுமதி கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

இன்ஸ்பெக்டர் நான் நினைத்த மாதிரி ஆள் இல்லை. விக்கிரவாண்டிப் பக்கத்துக்காரர். என் வயது இருக்கும். டீ வாங்கிக் கொடுத்தார். நான் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்துக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"போன்ல பெட்ரோல் விலைன்னீங்க. இதுல ஊழல்னு இருக்குது."

முறையை முதலிலிருந்து சொன்னேன். ஜன்னல், தாள், பசை, உரிப்பது. பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. அவருக்குச் சிரிப்புகூட வந்தது, அடக்கிக்கொண்டார்.

"இந்த ஊறுகாய்ல கைய வுட்டுகினு நிக்கறவன் நான்தானேம்மா?" என்றார். "பரவாயில்ல. எங்கள வச்சி எல்லாரும் சிரிக்கறாங்க. காலையிலேர்ந்து எத்தினி பேரு தைலத்தப் புடுங்கினேன், எத்தினி சாபம் வாங்கினேன்னு எனக்குத்தான் தெரியும். ஆனா ஒரு நாள் நெசமாவே ஒருத்தன் குண்டோட உள்ள பூந்துட்டான்னு வையுங்க, அன்னிக்கு உங்க பேப்பர் யாரைப் போடும்? பலகையில பேரு இருக்கறவங்களையா? என்னைத்தான போடும்?"

எல்லார் பையையும் கொட்டிப் பார்க்கட்டும் என்று அலுவலகத்தில் சொன்னவளே நான்தான்.

"அப்போ அனுப்பிடுங்க சார். சாயங்காலம் ஒரு விமானம் இருக்குதாம். அதுல போனாக்கூட பரீட்சைக்குப் போயிடுவா."

"நான் நம்பி ஒண்ணும் ஆவாதும்மா. முடிவு பண்ண வேண்டியவரு மேல இருக்காரு. அவருக்குத் தமிழ் தெரியாது. டெல்லியில இருக்கற நெலமையில, எழுதாத குண்டு ஒண்ணு அங்க போவுது, அங்க போயி எழுதப்போறாங்கன்னா அவர் இன்னா நெனப்பாரு? பத்திரிகையிலேர்ந்து ஒருத்தர் வந்து, இது எங்க படம், நாங்கதான் குடுத்தனுப்பினோம், இதுல எழுதினது இன்னதுன்னு ஒரு வார்த்த சொல்லணும். அவ்வளவுதான்."

"நானும் பத்திரிகைக்காரிதான் சார். பத்தொன்பது வருஷமா."

"நீங்க அம்மா" என்றார்.

காத்திருந்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். தேன் பாட்டில் ஒரு மேசையில் இருந்தது, கழுத்தில் சீட்டு கட்டி. சோதிக்க வேண்டாதவர்களின் அந்தப் பலகை எனக்கு நேர் எதிரே தொங்கியது. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தேன். எழுத்துகள் நன்றாக இருந்தன, இடைவெளி மட்டும் சீராக இல்லை. அந்த நேரத்திலும் அதைத்தான் என் கண் பார்த்தது. எனக்கே என்னைப் பிடிக்காமல் போனது அப்போதுதான்.

அவளுக்கு அன்று என்ன ஆனது என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவள் மேல் வழக்கு எதுவும் போடவில்லை. இரவு வெளியே விட்டார்கள். ஆனால் சாயங்கால விமானம் போய்விட்டது. தேர்வும் போய்விட்டது. கல்லூரிக்கு ஒரு குறிப்பு போனது. குறிப்பில் என்ன இருந்தது என்று எங்களுக்குக் காட்டவில்லை. விடுதியில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. துடைப்பம் வைத்த வாசலில், காகிதத்தை உருட்டிக் கறுப்பு மை பூசி, திரி வைத்து ஒரு குண்டு வைத்தார்களாம். அதில் அவள் பெயர் எழுதியிருந்ததாம். அவள் படிப்பை முடித்தாள், ஒரு வருடம் பிந்தி. இப்போது ரயிலில்தான் வருகிறாள். எங்கள் வீட்டில் பேப்பர் வந்தால் கார்ட்டூன் பக்கத்தை உள்பக்கமாக மடித்துவிட்டுத்தான் படிக்கிறாள். நான் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தேன். விடியற்காலையில் தொலைபேசி அடித்தால் இன்றும் என் கணவர்தான் எடுக்க வேண்டும். நான் அடுப்பங்கரைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அந்தச் சாயங்காலத்தில் அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஓர் ஆள் வருவார் என்று மட்டும் தெரியும். ஒரு வார்த்தை சொல்வார், கண்ணாடிக் கதவு திறக்கும், அவள் ஓடிப்போய் விமானம் ஏறுவாள்.

விமானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. இன்ஸ்பெக்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "வந்துட்டாரும்மா, உங்க ஆபீஸ்காரரு" என்றார். பின்னால் ஏகாம்பரம் சார். தேய்த்த வெள்ளைச் சட்டை, பேருந்துப் புழுதி, கையில் மஞ்சள் பை. அருள்செல்வி கண்ணாடிக்குப் பின்னால் அவரைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். சின்னப் பிள்ளையில் அவர் மடியில் உட்கார்ந்து யானை போடச் சொன்னவள்.

மேலதிகாரியும் வந்தார். படத்தை மேசையில் விரித்தார்கள். அவர் குண்டின் ஜன்னல் மேல் விரலை வைத்து ஏதோ கேட்டார். இன்ஸ்பெக்டர் அதைத் தமிழில் கேட்டார்.

"படம் உங்களுதுதானே? இது எப்படி இந்தப் பொண்ணு கைக்குப் போச்சு? இதுல எழுதியிருந்தது இன்னா?"

ஏகாம்பரம் சார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடிப் பக்கமும் திரும்பவில்லை. முதல் கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் சேர்த்து, அந்தப் பணிவான குரலில், பதில் சொன்னார். இரண்டாவது கேள்வி காதில் விழாதது போல் விட்டுவிட்டார்.

"கோடு என்னுதுங்க. எழுத்து அவங்களுது."